வடக்கே போன புயல்கள்

என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனபோது நான் இன்னும் பள்ளிக்கூடம் சேராத பிள்ளை. அண்ணன் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். ராயபுரத்தில் கடலைப் பார்த்த குப்பத்தில் எங்கள் வீடு. அந்த ஐப்பசியில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதற்கு முன்பே அப்பாவும் கூட்டாளிகளும் கிளம்பிப் போயிருந்தார்கள். புயல் ஓய்ந்த பிறகு படகின் உடைந்த பலகைகள் எண்ணூர்ப் பக்கம் கரை ஒதுங்கின. அப்பா ஒதுங்கவில்லை. உடம்பைப் பார்க்காததால் அம்மா வெகுநாள் வரைக்கும் தன் பொட்டை அழிக்க யாரையும் விடவில்லை. தினமும் விடிந்ததும் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கரையில் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் போய் நிற்பாளாம். எனக்கு அது நினைவில் இல்லை. நினைவில் இருப்பதெல்லாம் அதற்குப் பிறகான அம்மாதான். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடையோடு நடந்து விற்று, எங்கள் இருவரையும் வளர்த்தவள்.

அண்ணன் கடலுக்குப் போகக் கூடாது என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். பத்தாம் வகுப்பில் தேறாமல் போனதும் அவன் யாரையும் கேட்காமல் லாஞ்சில் ஏறிவிட்டான். விசைப்படகை எங்கள் பக்கம் லாஞ்ச் என்றுதான் சொல்வார்கள். அம்மா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பிறகு அவன் கொண்டுவந்த பங்கு மீனையே கூடையில் போட்டு விற்கப் போனாள். அவனுக்குக் கடல் பிடித்திருந்தது. ஆனால் அதை வெளியே சொல்ல மாட்டான். கடலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிக் குறை சொல்வது போலவே பேசுவான். நேற்று முகம் கொடுக்கவில்லை, இன்றைக்கு ரொம்ப வழிகிறது என்பான். நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்மண்டபம் பஸ் நிறுத்தம் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வருவான். அவன்மேல் மீன் வாடை அடிக்கும் என்று அவனே நாலடி தள்ளி நிற்பான். பஸ் கிளம்பிய பிறகுதான் போவான்.

ஐப்பசியும் கார்த்திகையும் அம்மாவுக்கு ஆகாத மாதங்கள். அண்ணன் கடலில் இருக்கும் நாட்களில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். என்னை ரேடியோவைப் பிடிக்கச் சொல்வாள். வானிலை அறிக்கை முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று திரும்ப என்னையே கேட்பாள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆன பிறகாவது பயம் பங்கு போடப்படும் என்று நினைத்தேன். அண்ணி திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண். அதிகம் பேசாதவள். அவளும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் பிறந்தவள்தான் என்பதால் பயத்தை முகத்தில் காட்டமாட்டாள். மாமியாரும் மருமகளும் மத்தியானத்தில் வாசலில் உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் பார்த்துவிடுவார்கள். அப்போதும் அம்மாதான் பேசிக்கொண்டிருப்பாள்.

இரண்டாயிரம் பிறந்த பிறகான முதல் சில வருஷங்களில் ஒன்று அது. நான் புவியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். புரட்டாசியில் மீனவர் சங்கத்துக்காரர்கள் கல்மண்டபத்துப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வாழ்நாள் முழுக்க வானிலையைப் படித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், வரப்போகும் பருவத்தில் புயல்கள் எப்படி இருக்கும் என்று பேச வந்திருந்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். பெண்கள் அதிகம் வரவில்லை. நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

அவர் மெதுவாக, பாடம் நடத்துவது போலப் பேசினார். எங்கோ பசிபிக் கடலின் நடுவில் தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கிறது என்றார். அங்கே குளிர்ந்தால் காற்றின் போக்கு மாறும், அந்த மாற்றம் இத்தனை ஆயிரம் மைல் தாண்டி நம் வங்காள விரிகுடாவில் வந்து தெரியும் என்றார். நம் பக்கத்துக் கடல் சூடாகவும் இருக்கிறது. இரண்டையும், பழைய வருஷங்களில் நடந்ததையும் வைத்துப் பார்த்தால், இந்தப் பருவத்தில் புயல்கள் வழக்கத்தைவிட அதிகமாக உருவாகக்கூடும் என்று தான் நினைப்பதாகச் சொன்னார். 'கூடும்' என்பதை அழுத்திச் சொன்னார்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, அது நம் பக்கம் வருமா என்று கேட்டார்.

"அது இப்ப யாருக்கும் தெரியாதுங்க," என்றார் பேராசிரியர். "மொத்தமா இந்தக் கடல் எவ்வளவு கொந்தளிப்பா இருக்கும்னு மட்டும்தான் இப்ப சொல்ல முடியும். ஒவ்வொரு புயலும் எங்க போகும்ங்கிறது அது உருவான பிறகுதான் தெரியும்."

நான் வகுப்பில் படித்தது போலவே இருந்ததால் அந்த வார்த்தைகள் எனக்கு அப்படியே மனதில் தங்கிவிட்டன. அம்மா அதற்கு முன்பே கேட்பதை நிறுத்தியிருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது வழி முழுக்க ஒன்றையேதான் சொன்னாள். இந்த வருஷம் நிறைய வருமாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சு நடந்தது. அண்ணன் முதலில் சிரித்தான்.

"அவரு மொத்தக் கடலுக்கும் சொல்றாரும்மா. நாங்க போறது இம்மாத்தூண்டு எடம்."

அம்மா வாதாடவில்லை. எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள் அன்று குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பன் போனப்போ கல்லு மேல நின்னு பார்த்தேன். இன்னொரு வாட்டி என்னால நிக்க முடியாது நைனா. இந்த ஒரு பருவம் கரையில இரு. தை பொறந்ததும் போ. அப்பால நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். அண்ணி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அவள் ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன், சரி, தை வரைக்கும் என்றான். அவனுடைய தோஸ்து ஒருவன் மூலம் திருவொற்றியூர் போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது. பெட்டிகளைத் திறந்து மூட்டை இறக்கும் வேலை. சைக்கிளில் போய் வந்தான். கையில் செதில் ஒட்டியிருந்த இடத்தில் துரு ஒட்ட ஆரம்பித்தது.

பேராசிரியர் சொன்னது போலவே புயல்கள் வந்தன. ஐப்பசியில் ஒன்று உருவானது. ரேடியோவில் சொன்ன அன்றைக்குத் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏறியது. அம்மா அண்ணனைப் பார்த்து, பார்த்தாயா என்றாள். அந்தப் புயல் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வடக்கே வளைந்து போய்விட்டது. கூண்டு இறங்கியது. பிறகு இன்னொன்று. அதுவும் வடக்கே. எங்களுக்கு நாலு தூறல் விழுந்ததோடு சரி. வெயில் அடித்தது. கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது.

டி.வி.யில் வடக்கே நடந்ததைக் காட்டினார்கள். கூரை போன வீடுகள், இடுப்பளவு தண்ணீரில் மூட்டையோடு நடக்கும் பெண்கள். அம்மா வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டே, போடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எத்தனை பேர் கரையில் நிற்கிறார்களோ என்றாள். பிறகு திரும்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தட்டில், அவன் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

இப்போது யோசித்தால், அப்பா போன பிறகு அம்மா சந்தோஷமாக இருந்தது அந்தப் பருவத்தில்தான். மகன் தினமும் பொழுது சாயும்போது சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். மீன் வாங்கும் வீடுகளிலெல்லாம் அதைச் சொல்லிவிட்டு வந்தாள். அண்ணி அவனோடு வெள்ளிக்கிழமை திருவொற்றியூர்க் கோவிலுக்குப் போனாள். அகஸ்தியா தியேட்டருக்குப் படம் பார்க்கப் போனார்கள். ஒருநாள் தலையில் பூவோடு வந்து, படம் எப்படி என்று நான் கேட்டதற்கு, தூங்கிவிட்டார் என்று அண்ணனைக் காட்டி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அண்ணனுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. கடல் அமைதியாக இருந்ததால் லாஞ்சுக்கெல்லாம் நல்ல மீன்பாடு. அவன் கூட்டாளிகள் வந்து, வஞ்சிரம் அள்ளுகிறோம், நீ மூட்டை தூக்குகிறாயே என்று கேலி செய்துவிட்டுப் போவார்கள். அவன் அம்மாவிடம் மறுபடி கேட்கவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். ஆனால் சாப்பாட்டு வேளையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போய், லாஞ்ச் வரும் நேரமாக இருந்தால் கூட நின்று கூடை இறக்கிவிட்டுத் திரும்புவான். அம்மாவுக்கு அது தெரியும். கரையில் நின்று பார்த்தால் என்ன, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் அப்படித்தான் போயிருக்கிறான். கூட்டாளிகளோடு சேர்ந்து மீன் இறக்கினான். அண்ணிக்குப் பிடிக்கும் என்று அவர்கள் வவ்வால் மீன் கொடுத்தார்கள். அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு யார்டுக்குத் திரும்பினான். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் அந்தச் சாலையில் எப்போதும் வரிசையாக நிற்கும். வரிசையிலிருந்து ஒன்று திரும்பியது. பின்சக்கரத்துக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் அவன் போக இடம் இருந்திருக்கிறது. பிறகு இல்லாமல் போயிருக்கிறது. பின்னால் வந்த கூட்டாளி ஒருவர்தான் இதைச் சொன்னார்.

கல்லூரியில் என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவோடு நின்றிருந்தார். அண்ணனுக்கு அடிபட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். ஆட்டோ ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் நேராக வீட்டைப் பார்த்துப் போனபோது எனக்குப் புரிந்துவிட்டது.

வாசலில் கூட்டம். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணி சுவரோரம் கிடந்தாள், இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். அம்மா அழவில்லை. சைக்கிளைக் கொண்டுவந்து போட்டவர்கள் அந்த மீன் கவரையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அம்மா முற்றத்தில் அருவாமனையை வைத்துக்கொண்டு மீனைக் கழுவி அறுத்துக்கொண்டிருந்தாள். செதிலைச் சுரண்டி, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, துடுப்பை நறுக்கி, ஒவ்வொரு துண்டாகச் சட்டியில் போட்டாள். கடைசித் துண்டு வரைக்கும் எதையும் அவசரப்படுத்தவில்லை. ஒருவரும் போய் அவளைத் தடுக்கவில்லை. முடித்துவிட்டுக் கையைக் கழுவினாள். என்னைப் பார்த்து, "குழம்புக்கு மாங்கா இல்ல," என்றாள். பிறகுதான் விழுந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்தார்கள். முகத்தில் ஒரு கீறலும் இல்லை. உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆறுதலாகத்தான் சொன்னார். எங்கள் குப்பத்தில் அது பெரிய ஆறுதல். கடல் கொண்டு போகாமல் பிள்ளை முழுசாக வீட்டுக்கு வந்து சேர்ந்தானே, அப்பன் மாதிரி இல்லையே என்றார்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "இதுக்கா அவன கரையில வெச்சேன்?" என்று கேட்டாள்.

காசிமேட்டுச் சுடுகாட்டில் காரியம் முடிந்தது. அதற்குப் பிறகும் புயல் ஒன்று உருவானது, அதுவும் வடக்கே போனது. ரேடியோவை யாரும் போடவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டேன்.

தை பிறந்தது. அண்ணன் கூட்டாளிகள் பொங்கலுக்கு மறுநாள் வந்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அம்மா மீன் விற்கப் போவதை நிறுத்தியிருந்தாள். சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. அண்ணியின் அம்மா வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போக வந்தார்கள். அண்ணி போகவில்லை. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். எழுந்து பாத்திரம் விளக்குவாள், துவைப்பாள், அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், தலை வாரிவிடுவாள். பழையபடி பேசாமல்தான் இருந்தாள். ஆனால் அம்மாவால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. அண்ணி அறைக்குள் வந்தால் அம்மாவின் தோள் குறுகும். அடி விழப்போகிற பிள்ளையைப் போல. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

மாசியில் ஒரு மத்தியானம். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய சட்டை ஒன்று அந்தக் குவியலில் இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, திடீரென்று பேசினாள்.

"எதுனா சொல்லு. என்னைத் திட்டு. நான்தான் அவன கெஞ்சி நிறுத்துனேன். நீ ஒரு வார்த்த கேக்காம இப்டி இருந்தா நான் இன்னா பண்றது?"

அண்ணி சட்டையை மடித்து முடித்தாள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்க சொன்னதால அவரு நிக்கல அத்த. நீங்க கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாலயே நான் சொல்லிட்டேன். இந்த வருசம் போவாத, எனக்கு பயமா கீதுன்னு. எனக்கோசரம்தான் நின்னாரு. நீங்க கேட்டது அப்பால."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு நகர்ந்து போய் அவள் தோளில் தலையைச் சாய்த்தாள். இரண்டு பேரும் ஒன்றாக அழுதது அன்றைக்குத்தான். அதுவரை ஆளுக்கு ஒரு மூலையில் அழுதார்கள். அன்று சாயங்காலம் அம்மா தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள்.

அண்ணி சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் அந்தச் சாயங்காலம் முதலில் சிரித்ததையும், பிறகு வெளியே எழுந்து போனதையும் நான் பார்த்தேன். மனைவி முன்பே கேட்டு ஒத்துக்கொண்டவன் அப்படி நடந்துகொள்வானா? நடந்துகொள்ளவும் கூடும். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் என்ன பேச்சு நடந்தது என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? பங்குனியில் அவள் தன் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டபோது நான் பஸ் நிறுத்தம் வரை போனேன். அங்கே கேட்டேன். அன்றைக்கு அம்மாவிடம் சொன்னாயே, நிஜமாகவா அண்ணி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைக்கு மாத்திரை நீதான் எடுத்துக் குடுக்கணும்," என்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

அடுத்த புரட்டாசியில் அதே மண்டபத்தில் மறுபடி கூட்டம் போட்டார்கள். அதே பேராசிரியர் வந்தார். நான் தனியாகப் போனேன், அம்மாவிடம் சொல்லாமல். அந்த வருஷம் பசிபிக்கில் தண்ணீர் சூடாக இருக்கிறது, புயல்கள் குறைவாக இருக்கக்கூடும் என்றார். மண்டபத்தில் இருந்தவர்களுக்குச் சந்தோஷம். கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் போய், போன வருஷம் நீங்கள் சொன்னது சரியாக இருந்ததா என்று கேட்டேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. யாரும் திரும்ப வந்து கேட்பதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்தது. நன்றாகவே பொருந்தி வந்தது என்றார். புயல்கள் சொன்னபடியே அதிகம்தான், என்ன, எல்லாம் ஆந்திரா, ஒரிசா என்று வடக்கே போய்விட்டன, உங்கள் பக்கத்துக்கு அது அதிர்ஷ்டம் என்றார். புவியியல் படிக்கிறேன் என்றதும் இன்னும் ஆர்வமாகி, கடல் வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கினார். நல்ல மனிதர். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த வயதான மனிதர் அதை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார் என்று தோன்றியது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அண்ணிக்கு வேறு இடத்தில் கல்யாணம் பேசினார்கள். அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் செய்யவேண்டும் என்று உட்கார்ந்தார். மாப்பிள்ளை மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். செய்யுங்கள் என்றாள் அம்மா. சின்ன வயசு, எத்தனை நாள் இப்படியே இருப்பாள் என்று அவருக்கே தைரியம் சொல்லி அனுப்பினாள். ஆனால் தான் போகவில்லை. உடம்பு முடியவில்லை என்று என்னை அனுப்பினாள்.

திருவொற்றியூரில் சின்னக் கல்யாணம். அண்ணி அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டு, உடனே தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டு மத்தியானமே திரும்பினேன்.

அம்மா பாயில் படுத்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றும்போதே எழுந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை எப்படி என்று கேட்கவில்லை, யார் யார் வந்தார்கள் என்றும் கேட்கவில்லை.

"அவ சாப்ட்டாளா?" என்றாள்.

சாப்பிட்டாள் என்றேன். நான் பார்த்தேன், நன்றாகச் சாப்பிட்டாள்.

"சரி," என்றாள் அம்மா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெளியே நல்ல வெயில். நான் போய் ஜன்னலைச் சாத்தினேன்.